வாட்சைக் கழற்றிவிட்டுக் கேட்டவர்

எங்கள் பாஸ்டர் ஐயா ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் இடது கையிலிருந்து வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். பிறகுதான் உட்காருவார். காபி வேண்டாம் என்பார், தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடிப்பார். "எப்படி இருக்கீங்க?" என்பார். "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கோம் ஐயா" என்று எல்லோரும் சொல்கிற பதிலைத்தான் நாங்களும் சொல்வோம். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அப்புறம், "சரி, இப்ப உள்ளதைச் சொல்லுங்க" என்பார்.

அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. காத்திருப்பார். ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கும், அடுப்பில் உலை கொதிக்கிற சத்தம் கேட்கும். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் யாராவது ஒருவர் வாயைத் திறந்துவிடுவோம்.

"ஐயா வாட்சைக் கழட்டிட்டாரா? அப்ப அந்த வூட்ல இன்னிக்குச் சோறு ஆறிடும்" என்று சபையில் சிரிப்பார்கள். ஏன் கழற்றுகிறார் என்று நான் ஒருமுறை கேட்டேன். "கையில இருந்தா கண்ணு அதும்மேல போவும்மா. என் கண்ணு அங்க போனா உங்க வாயி மூடிக்கும்" என்றார்.

பெரம்பலூரில் துறையூர் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகைதான் எங்கள் சபை. அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஐயாவும் பாஸ்டரம்மாவும் குடியிருந்த அறை. எங்கள் வீடு இரண்டு வீடு தள்ளி. என் வீட்டுக்காரர் அரியலூர் பக்கம் சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வியாபாரிகள் கொண்டுவந்து போடும் சின்ன வெங்காயத்துக்குத் தாளும் வேரும் அரிந்து கொடுப்பேன். ஜெபத்தில் நான் கண்ணைத் துடைத்தால் ஐயா பிறகு கேட்பார்: "இது ஆவியானவர் குடுத்த கண்ணீரா, வெங்காயம் குடுத்ததாம்மா?"

சபையில் சேர வருகிறவர்களை அவர் எழுந்து நிற்கச் சொல்வார். தானும் எதிரே நிற்பார். "உங்க வூட்டுக்கு நான் சொல்லாம வருவேன், கேப்பேன். நீங்க பொய் சொல்லக் கூடாது. நீங்களும் என் வூட்டுக்குச் சொல்லாம வரலாம், கேக்கலாம். நானும் பொய் சொல்ல மாட்டேன். சம்மதமா?" இரண்டு பக்கமும் வாய்விட்டுச் சம்மதம் சொன்ன பிறகுதான் கை கொடுப்பார். இதைக் கேட்டு வாசலோடு திரும்பிப் போனவர்களும் உண்டு. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மூப்பர் ஒருவர் இருந்தார். "மத்த சபையில சேர் போட்டு உக்கார வெக்கிறாங்க. நம்ம ஐயா கூண்டுல ஏத்துறாரு" என்பார்.

அந்தச் சம்மதத்தில் முதல் பாதிதான் நடந்தது. ஐயா எங்களைக் கேட்டார், நாங்கள் யாரும் அவரைக் கேட்கவில்லை. தேவனுடைய ஊழியக்காரரைப் போய்க் கேள்வி கேட்பதா என்று எங்களுக்கு நாக்கு கூசும். மாதத்தின் முதல் ஞாயிறு, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் எடுக்கிற திருவிருந்து. அதற்கு முந்தின நாள் உபவாச ஜெபம். ஒரு உபவாச ஜெபத்தில் அவர் பாயில் எங்களைப் பார்த்து உட்கார்ந்து, வாட்சைக் கழற்றிக் கீழே வைத்தார். "என்னை யாரும் கேக்காம நான் எப்படி நாளைக்கு அப்பத்தைத் தொடுறது? கேளுங்க" என்றார். மூப்பர் உடனே ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்தார். பாட்டு முடிந்த பிறகும் ஐயா அப்படியே உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, வியாழக்கிழமை நீங்க பாஸ்டரம்மாவைச் சத்தம் போட்டது எங்க வூடு வரைக்கும் கேட்டுச்சுங்க" என்று சொல்லிவிட்டேன்.

 என் வீட்டுக்காரர் என் முழங்கையில் கிள்ளினார். ஐயா குனிந்தார். "ஆமா. சத்தம் போட்டேன். நம்ம சபையைப் பாக்கச் சீமையில இருந்து வர்ற ஊழியக்காரனுக்கு முன்னாடி இவ பழைய சேலையில வந்து நிக்கிறாளேன்னு எனக்கு வெக்கம். அந்தச் சேலையும் நான் வாங்கிக் குடுத்ததுதான்." பாஸ்டரம்மாவைப் பார்த்து, "மன்னிச்சுக்க" என்றார். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து அவரைக் கேட்கிற வேலை எனக்கு. ஒவ்வொரு திருவிருந்துக்கும் முந்தின சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போவேன். பாஸ்டரம்மாவும் கூட இருப்பார். "ஐயா, உள்ளதைச் சொல்லுங்க" என்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், ஊழியக்காரரைக் கேட்டேன். பதில் சொல்வார். டவுனில் புதிதாக வந்த சபைக்குக் கூட்டம் சேருவதைப் பார்த்துப் பொறாமை என்பார். மூன்று நாளாக ஜெபிக்க மனமில்லை, உதடு மட்டும் அசைகிறது என்பார். நான் ஒன்றும் திருத்த மாட்டேன். கேட்டுக்கொள்வேன், சேர்ந்து ஜெபிப்போம். மறுநாள் எல்லோருக்கும் அப்பத்தைக் கொடுத்துவிட்டு, கடைசியில் தான் ஒரு துண்டு எடுப்பார்.

அதற்கு முன்பே என் வீட்டுக்காரரைக் குடியிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் இந்தக் கேள்விதான். லாரி வந்து நின்ற சத்தம் கேட்டால் ஐயா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "தம்பி, இன்னிக்குக் குடிச்சீங்களா?" ஒருநாள் இவர், "இல்லீங்க ஐயா" என்றார். வாடை வாசல் வரைக்கும் வந்தது. ஐயா திட்டவில்லை, வசனம் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்தன. இவர் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் தேம்பி அழுதார். "நாளைக்கும் வரேன்" என்று சொல்லிவிட்டு ஐயா போனார். நாளைக்கும் வந்தார். அப்படி எத்தனையோ நாளைக்கு வந்தார். பாஸ்டர் என்றால் ஞாயிற்றுக்கிழமை கைகொடுத்து அனுப்புகிறவர் என்று இருந்தவர்கள் நாங்கள். எங்களை விட்டுப் போகாத ஒரு மனிதரைத் தேவன் எங்கள் சந்திலேயே வைத்திருந்தார்.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. குடித்துவிட்டாரோ என்று முகர்ந்து பார்த்தேன், இல்லை. ஒரு காலையில் எழுந்து நேராக ஐயா வீட்டுக்குப் போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பினார். "என்னங்க?" என்றதற்கு, "ஒண்ணுமில்ல" என்றார்.

அந்த மாதத் திருவிருந்துக்கு இவர் லோடு இருக்கிறது என்று வரவில்லை. ஐயா எல்லோருக்கும் கொடுத்தார். தனக்கு எடுக்காமல், தட்டை வெள்ளைத் துணியால் மூடிவிட்டார்.

அடுத்த முறை நான் கேட்கப் போனபோது, கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார். "ஒருத்தர் சொன்னதைச் சுமந்துகிட்டு இருக்கேம்மா. என்னன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அவரு செய்ய வேண்டியதைச் செய்யற வரைக்கும் நான் எடுக்கிறதில்ல. அவரு வெளிய நிக்கிறப்ப நான் மட்டும் எப்படி பந்தியில உக்காருறது?"

அந்த ஒருவர் யார் என்று எனக்குத் தோன்றவில்லையா என்றால், தோன்றியது. வீட்டுக்குப் போய் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த மாதமும் அவர் எடுக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. எங்கள் ஜனத்துக்குத் திருவிருந்தைத் தொடாத விசுவாசி என்றாலே பாவத்தில் இருக்கிறவன் என்று பொருள். பாஸ்டரே தொடவில்லை என்றால் கேட்க வேண்டுமா? கொட்டகைக்கு வெளியே செருப்பு மாட்டும்போதே பேச்சு தொடங்கிவிடும். பொம்பளை விவகாரம் என்றார்கள். ஒருத்தி என்னையே சாடையாகச் சொன்னாள், மாதாமாதம் அவர் வீட்டுக்குப் போகிறவள் நான்தானே. மூப்பர் நேராகவே கேட்டார்.

"ஐயா, ஊர் வாய மூட முடியல. ஒரு துண்டு எடுத்து வாயில போடுங்க, முடிஞ்சு போச்சு."

"ஊருக்காகப் போடுறதுக்கு அது பொரிகடலையா அண்ணே?"

மூப்பர் குடும்பத்தோடு புதுச் சபைக்குப் போனார். அவர் பின்னால் இன்னும் பல குடும்பங்கள் போயின. பாய்கள் விரிக்காமல் மூலையில் சுருண்டு கிடந்தன. ஐயா அதே குரலில்தான் பிரசங்கித்தார்.

ஒரு மத்தியானம் பாஸ்டரம்மா தலைமுடி கலைந்து என் வாசலில் வந்து நின்றார். "அவரை விக்கிரமங்கலத்துல அடிச்சுட்டாங்கம்மா. ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்காங்களாம்."

விக்கிரமங்கலத்தில் ஐயாவுக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் கையை வைத்தபடி அப்படியே இருந்தார்.

போனில் கேட்டதைப் பாஸ்டரம்மா சொன்னார். அந்த ஊருக்குப் பக்கத்தில் ஐப்பசியில் ஒரு விவசாயி சைக்கிளில் புல்லுக்கட்டோடு வந்தபோது ஏதோ லாரி இடித்துவிட்டுப் போய்விட்டதாம், ஆள் பிழைக்கவில்லையாம். அடையாளம் தெரியாத வாகனம் என்று போலீசில் எழுதி முடித்துவிட்டார்களாம். அந்த வீட்டுக்கு ஐயா மாதாமாதம் பஸ் ஏறிப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார். வாசலில் உட்கார்ந்து, செத்தவரின் மனைவி சொல்வதைக் கேட்டுவிட்டு வருவாராம். இந்த முறை அந்த அம்மா கேட்டிருக்கிறார்.

"சொந்தமில்ல, சாதிசனமில்ல, சாமியும் வேற. எதுக்குங்க எங்க வூட்டுக்கு வர்றீங்க? இடிச்சவன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வேறு யாராக இருந்தாலும் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்பார்கள். ஐயா, "தெரியும்மா" என்றிருக்கிறார். யார் என்றதற்கு, "அதை அவர்தான் வந்து சொல்லணும். நான் சொல்லக் கூடாது." அந்த அம்மாவின் தம்பி அடித்த அடியில் உதடு கிழிந்துவிட்டது. ஸ்டேஷனிலும் அதே பதில்தான். பொழுது சாய்ந்த பிறகு விட்டார்கள். சட்டைப் பையில் வைத்திருந்த வாட்ச் அந்தத் தள்ளுமுள்ளில் எங்கோ விழுந்துபோனது.

பாஸ்டரம்மா போன பிறகு நான் கதவைச் சாத்தினேன். என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்தேன். "உள்ளதைச் சொல்லுங்க" என்றேன்.

காத்திருந்தேன். அவர் கையில் சோறு காய்ந்துபோனது.

"மழை. இருட்டுற நேரம். ஓரத்துல உரசுன மாதிரிதான் இருந்துச்சு. கண்ணாடில பார்த்தேன், புல்லு ரோடெல்லாம் கெடந்துச்சு. நிறுத்துனா அடிச்சே கொன்னுடுவாங்கன்னு…" அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

ஐயா அவரிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறார்: "உங்க பேரை நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த வூட்டுக்குப் போவேன். கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்." யார் கேட்கப் போகிறார்கள் என்று இவர் இருந்துவிட்டார்.

அன்று ராத்திரி நான் ஐயா வீட்டுக்கு ஓடினேன். அவர் கிழிந்த உதட்டில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க ஐயா. இவரு உள்ள போயிட்டா நாங்க எங்க போறது? கர்த்தர் மன்னிச்சா போதாதா?" என்று கத்தினேன்.

எழுந்து உட்கார்ந்தார். இடது மணிக்கட்டை வலது கையால் தடவினார், வாட்ச் இல்லை. "கர்த்தர் மன்னிப்பாரும்மா. அந்தம்மாவுக்கு மட்டும் யாரு இடிச்சான்னே தெரியக் கூடாதா?"

நான் எழுந்து வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். 

இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு ஐயாவோடு விக்கிரமங்கலம் ஸ்டேஷனுக்குப் பஸ் ஏறினார். லாரி முதலாளி போனில் கத்தியது எனக்கே கேட்டது: "எவனும் கேக்காத கேசுல போய் நீயே கழுத்த நீட்டுறியேடா!" கொஞ்ச நாள் திருச்சி ஜெயில், பிறகு ஜாமீன். வழக்கு இன்னும் நடக்கிறது. இவர் இப்போது லாரியைத் தொடுவதில்லை, மண்டியில் வெங்காய மூட்டை தூக்குகிறார். பெரியவளுக்குப் பார்த்திருந்த சம்பந்தம் நின்றுபோனது.

இவர் ஜாமீனில் வந்த அடுத்த திருவிருந்து. கொட்டகையில் நாங்கள் கொஞ்சப் பேர்தான். இன்றைக்காவது ஐயா எடுப்பார் என்று பார்த்திருந்தேன். தட்டை மூடினார். அவர் எடுக்காததால் என் வீட்டுக்காரரும் கைநீட்டவில்லை. வெளியே வந்து இவர் கேட்டார், "இன்னும் என்ன ஐயா செய்யணும்?" கோபமாகத்தான் கேட்டார்.

"ஸ்டேஷன்ல சொன்னது சட்டத்துக்குத் தம்பி. அந்தம்மாகிட்ட?"

அதற்கு இவருக்குத் தைரியம் வரவில்லை. மாதங்கள் போயின. ஐயாவுக்கு வயிறு வீங்கத் தொடங்கியது, கண் மஞ்சளானது. பெரம்பலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈரல் போய்விட்டது என்றார்கள். குடிப்பழக்கமே இல்லாத மனிதர். அதற்கும் ஊர் ஒன்று சொன்னது: "ஒளிச்சு ஒளிச்சுக் குடிச்சிருப்பாரு, அதான் அப்பத்தைத் தொடல."

அந்தப் பேச்சு மண்டியில் என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே விக்கிரமங்கலம் போயிருக்கிறார். திரும்பி நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார். நான் கட்டிலருகில் இருந்தேன். ஐயா அவரைப் பார்த்ததும் மணிக்கட்டைத் தடவினார். அந்த இடத்தில் இப்போது ஊசி குத்தி டியூப் ஒட்டியிருந்தது.

"உள்ளதைச் சொல்லுங்க தம்பி."

"போனேங்க ஐயா. நான்தான்னு சொன்னேன். அந்தம்மா அடிக்கல, திட்டல. 'திரும்பிப் பார்த்தியா'ன்னு கேட்டுச்சு. கண்ணாடில பார்த்தேன்னு சொன்னேன்." இவர் நிறுத்தினார். ஐயா காத்திருந்தார். "'அசைஞ்சாரா'ன்னு கேட்டுச்சு."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இதை எனக்கும் அவர் சொன்னதில்லை.

"அசைஞ்சாருன்னு சொன்னேங்க ஐயா. கையத் தூக்குனாரு. அதுக்கப்புறம் அந்தம்மா கதவைச் சாத்திடுச்சு."

ஐயா கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. பிறகு, "இனி அது தொறக்காமலே போவலாம் தம்பி. தொறந்தா, அது கேக்குறதுக்கெல்லாம் உள்ளதைச் சொல்லணும்" என்றார். பாஸ்டரம்மாவைப் பார்த்து, "கொண்டு வந்திருக்கியா?" என்றார்.

பாஸ்டரம்மா பைக்குள்ளிருந்து அப்பமும் திராட்சரசமும் வைத்த சின்ன டப்பாவை எடுத்தார். அத்தனை வாரமும் அதை அவர் சுமந்துகொண்டுதான் திரிந்திருக்கிறார். ஐயா படுத்தபடியே நன்றி சொல்லி ஜெபித்தார். முதலில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தார். அப்புறம் தன் வாயைத் திறந்தார். இவர் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரலால் ஒரு துண்டைத் திராட்சரசத்தில் நனைத்து அவர் நாக்கில் வைத்தார். விழுங்குவதற்கு ஐயா மிகவும் சிரமப்பட்டார்.

மறுநாள் மற்றவர்கள் வந்தார்கள். புதுச் சபைக்குப் போன மூப்பரும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "கர்த்தர் சுகம் குடுப்பாரு ஐயா, எந்திரிச்சு ஊழியம் பண்ணுவீங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். ஐயா தலையாட்டிக்கொண்டார். சாயங்காலம் கூட்டம் போய்விட்டது, பாஸ்டரம்மா கஞ்சி வாங்கப் போயிருந்தார். அன்று திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. என் வேலையை யார் செய்வது?

"ஐயா, உள்ளதைச் சொல்லுங்க."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். 

"பயமா இருக்கும்மா" என்றார்.

எல்லோரும் சொன்ன அதே வார்த்தை என் நாக்கிலும் வந்து நின்றது. நான் அதைச் சொல்லவில்லை. என் கையில் கழற்றுவதற்கு வாட்ச் இல்லை. செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் மீதியைச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.